படிவத்தில் இல்லாத சைக்கிள்காரன்

மாஸ்டரைப் பொறுத்தவரை உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. சிவப்பு விளக்கைப் பார்த்தால் நிற்பவர்கள் ஒரு வகை. சைக்கிள் ஓட்டுபவர்கள் இன்னொரு வகை.

மாஸ்டர் என்றதும் மீசை வைத்த ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். நாற்பத்து மூன்று வயதுப் பெண். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். கற்றுக்கொள்ள வந்தவர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டு, இப்போது கட்டிய கணவனே "மாஸ்டர், என் சாவியப் பாத்தியா?" என்றுதான் கேட்கிறான். அவளுடைய காரில் பிரேக் பெடல் இரண்டு. ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்காரும் மாஸ்டரின் காலடியில். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கிறது. மாஸ்டர் மிதித்தால் ஓட்டுகிறவரின் பெடலும் கூடவே கீழே இறங்கும். பதினெட்டு வருடத்தில் அந்த இரண்டாவது பெடல் எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. "அதுல முக்காவாசி சைக்கிள்காரனுங்க. ஒருத்தனாவது திரும்பிப் பாத்திருப்பானா?" என்பாள்.

லாரிக்காரர்கள் மேல் அவளுக்குக் கோபமே கிடையாது. லாரி இடிக்க வருகிறது என்றால் இடிக்கத்தான் வருகிறது, அதில் ஒளிவுமறைவு இல்லை. பஸ்காரன் வழி விடமாட்டான் என்பது பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். இந்தச் சைக்கிள்காரன்தான் என்ன ஜென்மம் என்றே பிடிபடுவதில்லை. சிவப்பு விழுந்தால் அவன் நடந்து போகிறவன், நிற்க வேண்டியதில்லை. பச்சை விழுந்தால் அவன் வண்டிக்காரன், நடுரோடு அவனுக்குச் சொந்தம். நடைபாதையில் ஏறினால் விளையாட்டுப் பிள்ளை. யார் மேலாவது இடித்துவிட்டால் அந்த நிமிஷமே வாயில்லாப் பூச்சி ஆகிவிடுவான். "பெட்ரோல் ஊத்தாம ஓட்டுறேன்" என்று ஒரு பெருமை வேறு. பெட்ரோல் ஊற்றாததற்காக இவனுக்கு மாலை போட்டு, ஊரே ஒதுங்கி நின்று கும்பிட வேண்டுமாக்கும்.

அவள் கணவன்கூடத் தொந்தியைக் குறைக்கிறேன் என்று ஒரு சைக்கிள் வாங்கினான். பதினோரு நாள் ஓட்டினான். பன்னிரண்டாம் நாள் ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையில் வந்தவன், நேராகத் தன் பெண்டாட்டியின் கார் முன்னால் வந்து நின்றான். "ரெண்டு நிமிஷம் மிச்சமாகுதேன்னு..." என்று இழுத்தான். அன்று சாயங்காலம் முதல் அந்தச் சைக்கிள் பால்கனியில் நிற்கிறது. ஈரத்துணி காயப்போட ரொம்ப வசதி.

மாஸ்டருக்கு ஒரு பழக்கம் உண்டு. பாடம் நடக்கும்போது எந்தச் சந்திலிருந்து சைக்கிள் வந்தாலும், ஓட்டுகிறவர் கண்ணில் படும் முன்பே அவள் வாய் திறந்துவிடும். "அதோ வர்றான் பாருங்க, அவங்க அப்பன் வீட்டு ரோடுன்னு நெனப்பு. மெதுவா... விடுங்க, தொலையட்டும்." "இடப்பக்கம் ஒரு அறிவுகெட்டவன், போன் பேசிட்டே வர்றான், நில்லுங்க." வாய் வேகமா, கால் வேகமா என்று போட்டியே நடக்கும். காருக்குள் உட்கார்ந்தவர்கள் சிரித்துச் சிரித்தே கற்றுக்கொண்டு போனார்கள்.

அவளிடம் கற்றுக்கொண்டு மூன்று முறை தேர்வில் தோற்ற ஒரே ஆள் அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா, வயது ஐம்பத்தொன்று. ஆஸ்பத்திரியில் நர்ஸ். வார்டில் அல்ல, வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ். புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, ஊசி போடுவது, புரட்டிப் படுக்கவைப்பது. மொத்தம் பதினோரு வீடு. அதில் பக்கவாதம் வந்து பேச்சுப் போன ஒரு தையல்காரர், நாத்தனாரின் கை தவிர வேறு எந்தக் கையும் தன் கட்டை அவிழ்க்க விடமாட்டார். வேறு யாராவது தொட்டால் இருக்கிற ஒரு நல்ல கையால் அடிப்பார்.

இத்தனை வருடம் ஆஸ்பத்திரி வேன்தான் நர்ஸுகளை வீட்டுக்கு வீடு இறக்கிவிட்டது. இப்போது மேலிடத்தில் யாருக்கோ ஞானம் பிறந்து, வேனை நிறுத்திவிட்டு ஆளுக்கொரு சின்னக் கார் தருவது என்று முடிவாகிவிட்டது. வருகிற திங்கட்கிழமைக்குள் லைசென்ஸ் காட்டாதவர்களுக்கு வீடுகள் கிடையாது, ஸ்டோர் ரூம்தான். பஞ்சும் கையுறையும் அடுக்கிக்கொண்டு மிச்ச வருடங்களைத் தள்ள வேண்டும். வெள்ளிக்கிழமை தேர்வுதான் கடைசி வாய்ப்பு. அதிலும் தோற்றால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பம் போட முடியும்.

முதல் மூன்று முறை ஏன் தோற்றார் என்று கேட்டால், மாஸ்டர் பல்லைக் கடிப்பாள். மூன்றுமே சைக்கிள்தான். முதல் முறை, எதிர்த்திசையில் ஒருவன் வந்து, நாத்தனார் பதறிப்போய் வண்டியை நடைபாதை மேல் ஏற்றிவிட்டார். இரண்டாம் முறை, இடுப்பைக் கவ்விப் பிடிக்கும் பளபளா உடுப்போடு ஒரு கூட்டம் வந்தது. முதல் ஆளுக்கு வழி விட்டார், மரியாதைக்கு இரண்டாவது ஆளுக்கும் விட்டார். பின்னால் நாற்பது பேர் வந்தார்கள். பச்சை விழுந்து, சிவப்பு விழுந்து, மறுபடி பச்சை விழுந்தது. போக்குவரத்துக்கு இடையூறு என்று எழுதிவிட்டார்கள். மூன்றாம் முறைதான் மாஸ்டரால் மறக்கவே முடியாதது. ஒருவன் தானாக வந்து காரின் பக்கக் கண்ணாடியில் மோதித் தானாக விழுந்தான். நாத்தனார் வண்டியை நடுரோட்டில் அப்படியே விட்டுவிட்டு, இறங்கிப் போய் அவன் முழங்காலைத் துடைத்துக் கட்டுப் போட்டார். கட்டு போட்டு முடித்ததும் அவன் சொன்னான்: "கண்ணாடிய மடக்கி வச்சிட்டு ஓட்டக் கூடாதா?"

"அவன் மொகத்துல ரெண்டு வக்காம அவனுக்குக் கட்டுப் போட்டீங்களே அண்ணி, உங்கள என்ன சொல்றது!" என்று அன்று முழுவதும் மாஸ்டர் பொருமினாள்.

"ரத்தம் வந்துச்சேம்மா," என்றார் நாத்தனார்.

வீட்டில் நாத்தனார் வைத்ததுதான் சட்டம். தம்பி பெண்டாட்டி என்ன வாங்க வேண்டும், எந்த அலமாரியில் எதை வைக்க வேண்டும் என்பதுவரை சொல்லுவார், மாஸ்டரும் தலையாட்டுவாள். காரில் ஏறிவிட்டால் சட்டம் இடம் மாறி உட்கார்ந்துவிடும்.

"கண்ணாடி பாருங்க அண்ணி."

"பாத்தேன்மா."

"என்ன தெரியுது?"

"நரை தெரியுது."

"அண்ணி!"

"சரி சரி. பின்னாடி ஒரு பஸ்ஸு."

நான்காவது தேர்வுக்கு முன்னால் ஒரு மாதம் தினமும் ஓட்டினார்கள். நாத்தனார் கை நன்றாகத் தேறியிருந்தது. திரும்புவது, பின்னால் எடுப்பது, மேட்டில் நிறுத்திக் கிளப்புவது எல்லாம் அப்பழுக்கில்லாமல் செய்தார். மாஸ்டருக்கு மனசுக்குள் நிறைவாக இருந்தது. இந்த முறை அண்ணி ஜெயித்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரை மணி. தேர்வு எடுக்கும் இன்ஸ்பெக்டருக்கு ஜலதோஷம். பின் சீட்டில் அட்டையும் பென்சிலுமாக உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே விதிகளை ஒப்பித்தார். மாஸ்டர் தன் இடத்தில் உட்காரலாம். வாயைத் திறக்கக் கூடாது. கால் தரையில் இருக்க வேண்டும். அவள் பெடலைத் தொட்டால் பஸ்ஸர் அடிக்கும்.

"அடிச்சா படிவம் நிரப்பணும். எனக்கு இன்னிக்குப் படிவம் நிரப்புற தெம்பு இல்ல," என்றார்.

நாத்தனார் கிளம்பினார். முதல் இருபது நிமிஷம் இன்ஸ்பெக்டரின் பென்சிலுக்கு வேலையே இல்லை. மாஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வழியில் நான்கு சைக்கிள்கள் வந்தன. ஒருவன் பஸ்ஸின் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இழுபட்டுப் போனான். ஒருத்தி கைப்பிடி இரண்டு பக்கமும் மூட்டை தொங்க, ரோட்டை அளந்துகொண்டு போனாள். நான்கு வசவும் மாஸ்டரின் தொண்டைவரை வந்து திரும்பிப் போயின. விழுங்குவதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

நாற்சந்தியில் இவர்களுக்குப் பச்சை விழுந்தது. நாத்தனார் நிதானமாக வண்டியை எடுத்தார். அப்போதுதான் இடப்பக்கத்திலிருந்து அவன் வந்தான். அவன் பக்கம் பளிச்சென்று சிவப்பு. மஞ்சள் சட்டை, காதில் அடைத்த ஏதோ ஒன்று, இரண்டு கையும் கைப்பிடியில் இல்லை. ஒரு கையில் போன், இன்னொரு கையால் அதில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவே இல்லை.

கார் மூக்கைத் தாழ்த்தி நின்றது. பஸ்ஸர் வீறிட்டது.

பம்பருக்கும் அவன் கெண்டைக்காலுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். அவன் தடுமாறி, பானெட்டின் மேல் கையை ஊன்றி நிமிர்ந்தான். கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தான். "தூக்கமா?" என்றான். பிறகு பானெட்டையே உந்தித் தள்ளிக்கொண்டு, மறுபடி போனைத் தேய்த்தபடி போய்விட்டான்.

மாஸ்டர் கீழே பார்த்தாள். அவள் வலது கால் பெடல் மேல் இருந்தது. எப்போது போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். மூக்கைச் சிந்திக்கொண்டு பையிலிருந்து ஒரு படிவத்தை உருவினார். அதில் இரண்டே கட்டம். பயிற்சியாளர் பிரேக் மிதிக்க நேர்ந்ததற்குக் காரணம்: அ, தேர்வரின் தவறு. ஆ, பயிற்சியாளரின் தவறு.

"சார், சைக்கிள்காரன் தப்புன்னு எழுதுங்க," என்றாள் மாஸ்டர்.

"அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"கீழ எவ்ளோ இடம் இருக்கு, அதுல எழுதலாமே."

"அது முத்திரை குத்துற எடம்."

"உங்க கண்ணால பாத்தீங்கல்ல சார்? சிவப்புல வந்தான், கைய விட்டுட்டு வந்தான். அந்த நாய்க்கு ஒரு கட்டம் கூடவா கெடையாது?"

"பாத்தேன். ஆனா அவன் என்கிட்டத் தேர்வுக்கு வரலையே," என்றார் இன்ஸ்பெக்டர். "அவனுக்கு லைசென்ஸும் வேணாம், நம்பரும் வேணாம். அவன் பேரு எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இங்க இருக்கிறது நீங்க ரெண்டு பேரு."

பிறகு அவர் விளக்கினார். 'அ' என்றால் தேர்வர் பிரேக் போடத் தவறினார், தோல்வி, ஆறு மாதம். 'ஆ' என்றால் தேர்வர் சரியாகத்தான் பிரேக் போட்டார், பயிற்சியாளர் தேவையில்லாமல் காலை வைத்தார். தேர்வர் பாஸ். பயிற்சியாளர் மூன்று மாதத்துக்கு அந்த இருக்கையில் உட்காரக் கூடாது, பதிவேட்டிலும் ஏறும்.

"ரெண்டு பெடலும் சேந்து எறங்குது. பின்னாடி இருந்து எனக்கு எப்படித் தெரியும்? யார் கால் முதல்ல போச்சுன்னு நீங்கதான் சொல்லணும்." அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார். "நீங்க பிரேக்க மிதிச்சீங்களாம்மா?"

நாத்தனார் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மிதிச்சேன் சார்," என்றார்.

மாஸ்டர் படிவத்தையே முறைத்தாள். பதினெட்டு வருடம். பதிவேட்டில் ஒரு கரும்புள்ளி கிடையாது. எவனோ ஒரு மஞ்சள் சட்டை, இவள் பேரைக்கூடக் கேட்காதவன், பானெட்டில் கையை ஊன்றிவிட்டுப் போய்விட்டான். அவன் இந்நேரம் எங்கேயாவது உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருப்பான். அவன் செய்த தப்பை இவர்கள் இரண்டு பேரில் யார் தலையில் போட்டுக்கொள்வது என்று இங்கே பங்கு பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

ஆனால் அண்ணி மிதித்திருக்கிறார். அதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. ஒரு மாதமாகக் கண் முன்னால் பார்க்கிறாளே. வண்டி குனிந்த பிறகுதான் தன் கால் போயிருக்க வேண்டும், பழக்கதோஷம். அவள் பென்சிலை வாங்கி 'ஆ'வில் ஓங்கி ஒரு கோடு போட்டாள். காகிதம் கிழிந்துவிட்டது.

"இன்னொரு படிவம் எடுக்கணும்," என்றார் இன்ஸ்பெக்டர் அழாத குறையாக.

பதினோரு மணிக்கு நாத்தனார் கையில் லைசென்ஸ் அட்டை வந்தது. திரும்பும்போது அவர்தான் ஓட்டினார். மாஸ்டருக்கு முன் இருக்கையில் உட்கார உரிமை போய்விட்டது, பின் சீட்டில் உட்கார்ந்தாள். கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் உள்ளே சந்தோஷமாகவும் இருந்தது. அந்தத் தையல்காரரின் கட்டை இனி வேறு யாரும் தொட வேண்டியதில்லை. அவள் எம்பி நாத்தனாரின் தோளைத் தட்டினாள். "ஜெயிச்சுட்டீங்க அண்ணி!"

நாத்தனார் சிக்னல் போட்டு, கண்ணாடி பார்த்து, ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் இழுத்தார். எல்லாம் முறையாகச் செய்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, நான் மிதிச்சப்ப அந்தப் பெடல் அங்க இல்ல."

"எங்க இல்ல?"

"எப்பவும் இருக்கிற உயரத்துல இல்ல. கால வச்சேன், அது ஏற்கெனவே கீழ கெடந்துச்சு."

மாஸ்டருக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பெடல் கீழே கிடந்தது என்றால் அதை முதலில் இறக்கியது வேறு கால்.

"அவன் வந்தத நீங்க பாக்கலையா?"

"எவன்?" என்றார் நாத்தனார். பிறகு, "பானெட்ல கைய வச்சானே, அப்பதாம்மா பாத்தேன். எங்கேருந்து வந்தான்னே தெரியல," என்றார்.

மாஸ்டர் முன்னால் எம்பினாள். "அப்புறம் எதுக்கு மிதிச்சேன்னு சொன்னீங்க?"

"மிதிச்சீங்களான்னுதானே கேட்டாரு? மிதிச்சேன்ல? எப்ப மிதிச்சேன்னு அவரு கேக்கல." சொல்லிவிட்டு அவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பதினோரு வீடும் கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சும்மா. வாய் அதுவா சொல்லிடுச்சு. நீ அந்தக் கோட்டப் போட்டப்பவே நான் சொல்லியிருக்கணும். நான் ஒரு கேவலமான பொம்பள. வா, திரும்பிப் போயி உண்மையச் சொல்லிடலாம்."

மாஸ்டர் வாயைத் திறந்தாள். நன்றாக நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் திறந்தாள். என் பதினெட்டு வருஷம் உங்களுக்கு அவ்வளவு சல்லிசாப் போச்சா என்று கேட்கத்தான் நினைத்தாள். அப்போது பார்த்து எதிர்ச்சந்திலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே பாய்ந்தது. "அதோ வர்றான் பாருங்க..." என்று வாய் தன்பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டது.

நாத்தனார் அவள் சொன்ன பிறகுதான் அந்தப் பக்கம் திரும்பினார்.

மாஸ்டர் பாதியில் நிறுத்தினாள். ஒரு மாதமாக எத்தனை சைக்கிள் வந்திருக்கும். அத்தனையையும் முதலில் பார்த்தது யார்? இவள். திட்டியது யார்? இவள். மிதித்தது? அதுவும் இவள்தான். அண்ணி ஸ்டியரிங்கைத் திருப்பினார், இவள் வசவைக் கேட்டுச் சிரித்தார், அவ்வளவுதான். மாஸ்டர் இருக்கும்போது அவர் எதற்குப் பார்க்க வேண்டும்? இன்று வாயைக் கட்டிப்போட்டார்கள், அண்ணிக்குப் பாதி ரோடு காணாமல் போய்விட்டது. அண்ணிக்கு மட்டும்தானா? பதினெட்டு வருடமாகச் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டு போனார்களே, அவர்கள் எல்லாம் இப்போது எங்கே, எப்படி ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள்?

"நீங்க தப்பா ஒண்ணும் எழுதவைக்கல அண்ணி," என்றாள் கடைசியில். "கோடு போட்ட கட்டம் சரியான கட்டம்தான். தப்பு என்னோடதுதான்."

"என்னம்மா சொல்ற?"

"அட்டையக் குடுங்க."

நாத்தனார் கொடுத்தார். மாஸ்டர் அதைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். "திங்கக்கெழம காலைல உங்க கையில தருவேன். இல்லன்னா நானே கொண்டுபோய் அந்த ஜலதோஷக்காரர் மேசையில வச்சிட்டு வருவேன். நடுவுல ரெண்டு நாள் இருக்கு. அந்த எருமைங்கள்ல ஒருத்தன் உங்க சக்கரத்துல விழுந்து செத்தான்னு வைங்க, அவனுக்கு அன்னியோட முடிஞ்சுது. உங்களுக்கு ஆயுசுக்கும் முடியாது. முழங்கால் தேஞ்சதுக்கே ரோட்டுல எறங்கினவங்க நீங்க. தாங்க மாட்டீங்க."

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இரண்டு பேரும் அதே நாற்சந்தியின் நடைபாதையில் போய் நின்றார்கள். காரில் உட்காரத்தானே தடை, நிற்பதற்கு யார் தடை போட முடியும்? ஏற்பாடு ரொம்ப எளிது. வருகிற ஒவ்வொரு சைக்கிளையும் நாத்தனார்தான் முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும். மாஸ்டர் வாய் திறக்கக் கூடாது. நாத்தனார் தவறவிட்டால் அவர் கையில் ஒரு தட்டு தட்டலாம்.

முதல் ஒரு மணி நேரத்தில் தட்டித் தட்டி மாஸ்டருக்கே கை வலித்தது. நாத்தனார் பார்க்காமல் இல்லை, நர்ஸாகப் பார்த்தார். "இந்தப் பையனுக்கு சீட்டு உயரம் பத்தல, முட்டி போயிடும்." "அந்தம்மாவுக்கு மூச்சு வாங்குது பாரு, பாவம்."

"பாவம் புண்ணியம் அப்புறம். எங்க போகப் போறாங்க, அதச் சொல்லுங்க."

"அது எப்படித் தெரியும்?"

"தலையப் பாக்காதீங்க, முன் சக்கரத்தப் பாருங்க. மனசுல இருக்கிறது அங்கதான் முதல்ல தெரியும்."

பத்து மணி வரைக்கும் நின்றார்கள். சாயங்காலமும் வந்து நின்றார்கள். சிவப்பில் போனவர்களை நாத்தனார் விரல் விட்டு எண்ணி, கை விரலும் கால் விரலும் தீர்ந்ததும் எண்ணுவதை விட்டுவிட்டார். ஒரே ஒரு ஆள், கேரியரில் பால் கேன் கட்டிய நரைத்தாடிக்காரர், சிவப்பைப் பார்த்து நின்று ஒரு காலைத் தரையில் ஊன்றினார். பின்னால் வந்த மூன்று சைக்கிள்காரர்கள் வழியை மறிக்கிறார் என்று அவரைத் திட்டிக்கொண்டு சுற்றிப் போனார்கள். மாஸ்டருக்கு அந்த மனிதரின் காலில் விழலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நிலைமை மாறியது. அந்தப் பளபளா உடுப்புக் கூட்டம் வரும் நாள் அது. நாத்தனார் கண்ணை இடுக்கிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார். "வலப்பக்கம் ஒருத்தன், நிக்க மாட்டான். பஸ்ஸுக்குப் பின்னாடி ரெண்டு பேரு, அந்தச் சின்னவன் வெளிய வருவான். வந்துட்டான் பாரு! அந்தப் பொண்ணு காதுல மாட்டியிருக்கா, ஹார்ன் அடிச்சாலும் கேக்காது." ஒரு மணி நேரமாக மாஸ்டருக்குத் தட்ட வேலை இல்லை. பேச்சும் இல்லாமல் வேலையும் இல்லாமல் நிற்பது அவளுக்குப் புதிது. ரோட்டைப் பார்த்தபடி, நாளை அட்டையைக் கொடுத்துவிடலாம், இன்னும் ஒரு பத்து நிமிஷம் பார்க்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் அவள் முழங்கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். கனத்த நோயாளிகளைப் புரட்டிப் போட்ட கை. மாஸ்டர் கடைச் சுவரில் போய் மோதினாள். அவள் நின்றிருந்த இடத்தில், நடைபாதையின் மேல், பின்பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் விர்ரென்று போயிற்று. கைப்பிடி அவள் கைப்பையை உரசிக்கொண்டு போனது. மணி அடிக்கவில்லை, குரல் கொடுக்கவில்லை. பத்தடி தள்ளிப் போன பிறகு அவன் தலையை மட்டும் திருப்பினான்.

"நடக்கத் தெரியாதா?" என்று கத்திவிட்டு, சிவப்பு விளக்கைத் தாண்டிப் போனான்.

மாஸ்டருக்கு வசவு ஒன்றும் வரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு நொடி பிந்தியிருந்தால் இடுப்பெலும்பு போயிருக்கும், மூன்று மாதம் என்ன, முப்பது வருடத்துக்கும் எந்தப் பெடலையும் மிதித்திருக்க முடியாது.

"நான் பாக்கல அண்ணி," என்றாள்.

"நான் பாத்தேன்," என்றார் நாத்தனார்.

மாஸ்டர் கைப்பையைத் திறந்தாள். ஜிப் சிக்கிக்கொண்டு, இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது. அட்டையை எடுத்து நாத்தனாரின் உள்ளங்கையில் வைத்தாள். "நாளைக்கு அந்தத் தையல்காரர் வீட்டுக்கே முதல்ல போங்க," என்றாள்.

நாத்தனார் அட்டையை வாங்கிக்கொண்டார். ஆனால் அதைப் பார்க்கவில்லை. அவர் கண் நடைபாதையின் அந்தக் கோடியில் இருந்தது.

"செவத்தோட ஒட்டி நில்லும்மா," என்றார். "இன்னொருத்தன் வர்றான்."